தும்பி வகுப்புக் கலமும் இருபத்துமூன்று படகுகளும்

விண்படைக்குச் சின்னதாக, வேகமாக ஒரு கலம் வேண்டும் என்று ஆணை பிறந்த அன்று யார் மனதிலும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள், யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. சம்பந்தப்பட்ட எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் நேரத்துக்கு அலுவலகம் வந்தார்கள்.

தேவையும் உண்மையானதுதான். எல்லையில், ஆள் நடமாட்டமே இல்லாத தூரத்தில், விண்கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு நிலையங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு காவலர்கள். கொள்ளைக்காரர்கள் சின்னச் சின்னப் படகுகளில் வந்து, நிலையத்தில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். படையிடம் இருந்தவையெல்லாம் பெரிய போர்க்கலங்கள். ஒரு போர்க்கலம் இருந்த இடத்திலேயே திரும்புவதற்கு அரை நாள் ஆகும். எல்லைக்குப் போய்ச் சேரப் பதினோரு நாள். அதற்குள் கொள்ளைக்காரர்கள், இங்கே கழற்றியதை வேறெங்கோ மாட்டியே முடித்திருப்பார்கள்.

ஆகவே ஆணை வந்தது. இரண்டே வரி. "எல்லைப் பாதுகாப்பினை முன்னிட்டு, அளவில் சிறியதும், படையிலுள்ள ஏனைய கலங்கள் அனைத்தையும்விட வேகமானதுமான புதிய வகுப்புக் கலம் ஒன்று உருவாக்கப்படல் வேண்டும். மேற்படி வகுப்புக்குத் தும்பி எனப் பெயரிடப்படுகிறது." துறையில் இவ்வளவு தெளிவான ஆணை இதுவரை வந்ததே இல்லை என்று பழைய எழுத்தர்கள் வியந்து பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

வரைபடம் போடும் வேலை தராசம்மாவிடம் வந்தது. அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. கலக் கட்டுமானத் துறையில் பதினாறு வருடமாகப் பொறியாளர். யார் வந்து எந்தப் பொருளைக் கலத்தில் வைக்கச் சொன்னாலும், "எத்தனை கிலோ?" என்று பதிலுக்குக் கேட்பார். ஒரு தளபதி தன்னுடைய படத்தைக் கலத்தின் முகப்பில் மாட்டச் சொன்னபோதும் அதையே கேட்டார். சட்டத்தோடு சேர்த்தா, சட்டம் இல்லாமலா என்றும் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வேலையில் அவருக்குத் தனி அக்கறை இருந்தது. அவருடைய தம்பி, பதினேழாம் விளக்கு நிலையத்தில் காவலர். வரிசையில் கடைசி நிலையம் அது. கொள்ளைக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள். முதல் தடவை சமையல் அடுப்பு போயிற்று, இரண்டாம் தடவை குளியலறைக் கதவு. தம்பி எழுதும் கடிதங்களில் அதையெல்லாம் சிரிப்பாகத்தான் எழுதுவான். ஆனால் தராசம்மா அவற்றை ஒரு தடவைக்கு மேல் படிப்பதில்லை. மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவார்.

மூன்று மாதத்தில் வரைபடம் தயாரானது. ஒரு பேருந்தின் நீளம். அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள். முன்னால் ஒரு துப்பாக்கி. மீதி எல்லாம் இன்ஜின். எல்லைக்கு இரண்டரை நாளில் போகும். தராசம்மாவின் நாத்தனார், அதாவது அவருடைய கணவரின் அக்கா, விண்படையில் சோதனை ஓட்டுநர். பேச்சு குறைவு. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டியபோது, கதவு எங்கே என்று மட்டும் கேட்டார். கதவைக் காட்டியதும், போதும் என்றார்.

அதன் பிறகு வரைபடம் கூட்டத்துக்குப் போனது.

கூட்டத்தில் பதினான்கு அலுவலர்கள் இருந்தார்கள். தலைமை, துறை இயக்குநர். அவர் பணியில் சேர்ந்த நாள் முதல் யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. அதனாலேயே மூன்று பதவி உயர்வு பெற்றவர் என்று சொல்வார்கள். யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனைதான்" என்பார். தராசம்மாவின் வரைபடத்தையும் பார்த்துவிட்டு நல்ல யோசனைதான் என்றார். எல்லாரும் பாராட்டினார்கள். டீ வந்தது. டீ குடித்து முடிக்கும் நேரத்தில் விதிப்பிரிவு அலுவலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சின்னச் சந்தேகம் என்று ஆரம்பித்தார்.

"கூட்ட அறை எங்கம்மா இருக்கு?"

"இதுல ரெண்டே பேருதான் சார் போவாங்க."

"ரெண்டு பேருல ஒருத்தர் அதிகாரிதானே? அதிகாரி இருக்கிற கலத்துல கூட்டம் நடத்த இடம் இருக்கணும். விதி நாற்பத்தொண்ணு."

"ரெண்டு பேரும் முழங்கை இடிக்கிற தூரத்துல உக்காந்திருக்காங்க. ஏதாவது பேசணும்னா அப்படியே பேசிக்கலாமே."

"பேசிக்கிறது வேற, கூட்டம் வேற" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

நல்ல யோசனைதான் என்றார் இயக்குநர்.

கூட்ட அறை வந்தது. கூட்டம் நடந்தால் அதில் பேசியதை எழுத ஒருவர் வேண்டும். மூன்றாவது ஆள் வந்தார். அவர் விடுப்பில் போனால் அந்த வேலையைப் பார்க்க நான்காவது ஆள். நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தாக வேண்டும். ஐந்து பேர் ஆகிவிட்டால் சமையலறை. சமையலறை இருந்தால் சுகாதார ஆய்வாளர். ஆய்வாளர் சமையலில் குறை கண்டுபிடித்தால் அதை விசாரிக்க ஒரு சின்ன அறை, அந்த அறைக்கு வெளியே காத்திருக்க ஒரு பெஞ்சு. இதில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்புச் சொல்ல முடியாது. தராசம்மா ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ என்று கேட்டார். அவர்களும் ஒவ்வொரு தடவையும் சரியான எடையைச் சொன்னார்கள். இரண்டு வருடம் முடியும்போது கலத்தில் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். ஓட்டுவது வழக்கம்போல ஒருவர்தான்.

இந்த நேரம் பார்த்து மூலைகள் மோசம் என்ற கருத்து பரவியது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒரே வருடத்தில் பெரிய அலுவலகங்களெல்லாம் மேசைகளின் முனையை அறுக்க ஆரம்பித்திருந்தன. துறைக்கும் ஓர் ஆலோசகர் வந்தார். மிருதுவான செருப்பு, அதைவிட மிருதுவான குரல். மனிதர்களின் மனக்கசப்பெல்லாம் அறையின் மூலைகளில் போய்த் தேங்குகிறது, ஆகவே தும்பியில் மூலையே இருக்கக் கூடாது என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த பதினான்கு பேரும் தங்கள் அறையின் மூலைகளை நினைத்துப் பார்த்தார்கள். அதில் ஏதோ உண்மை இருப்பதாகத்தான் பட்டது.

எல்லா அறைகளும் வட்டமாகின. அலமாரிகள் மட்டும் பழையபடி சதுரமாகவே வந்தன, ஏனென்றால் அலமாரி வாங்குவது வேறு பிரிவு. வட்டச் சுவருக்கும் சதுர அலமாரிக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அடைக்க மரத்தில் ஆப்பு செதுக்கினார்கள். ஆப்புகள் மட்டும் நாலாயிரம் கிலோ. ஆலோசகர் அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆப்புக்கு மூலை இருக்கிறதே என்று வருத்தப்பட்டார்.

இப்போது கலத்தின் நீளம் ஒரு தெருவின் நீளத்துக்கு வந்திருந்தது. ஆணையில் சிறியது என்றுதானே இருந்தது என்று யாரோ கேட்கப்போய், இயக்குநர் கலத்தின் மாதிரி ஒன்றைச் செய்து அமைச்சரின் மேசைக்கு அனுப்பினார். மாதிரி ஒரு சாண் நீளம். அமைச்சர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, சின்னதாகத்தானே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு அளவுப் பிரச்சினை தீர்ந்தது.

பெயர்ப் பிரச்சினை அதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. இவ்வளவு பெரிய உருவத்துக்குத் தும்பி என்ற பெயர் பொருந்துமா என்று கேட்டுக் கோப்பு மொழிப்பிரிவுக்குப் போனது. மொழிப்பிரிவு அலுவலர் பழைய நிகண்டைப் புரட்டி, தும்பி என்ற சொல்லுக்கு யானை என்றும் பொருள் உண்டு, எனவே பெயர் மாற்றம் தேவையில்லை எனப் பணிந்து தெரிவித்தார். கோப்பு போன அன்றே திரும்பி வந்தது. தும்பித் திட்டத்தில் வேகமாக நடந்தது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது வேகப் பிரச்சினை. தராசம்மா கணக்குப் போட்டு, தும்பி எல்லைக்குப் போக இருபது நாள் ஆகும் என்று அறிக்கை கொடுத்தார். போர்க்கலமே பதினோரு நாளில் போகும்போது தும்பி எப்படி வேகமான கலம் ஆகும் என்றும் அதில் எழுதியிருந்தார். மேலிடத்துக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இயக்குநர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போதும் விதிப்பிரிவு அலுவலர்தான் கைகொடுத்தார். ஆணையை மறுபடி ஒரு தடவை நிதானமாகப் படித்தார்.

"தும்பி வேகமாப் போகணும்னு இதுல எங்கயும் இல்லையே. மத்த கலங்களை விட வேகமாப் போகணும்னுதானே இருக்கு?"

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வெளியானது. "தும்பி வகுப்புக் கலத்தின் வேகத்தினைப் படையின் எந்தக் கலமும் எக்காரணம் கொண்டும் மிஞ்சுதல் கூடாது. மீறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." போர்க்கலத் தளபதிகள் கட்டுப்பாடானவர்கள். மறுநாளிலிருந்து எல்லைக்குப் போக இருபத்தொரு நாள் எடுத்துக்கொண்டார்கள். சுற்றறிக்கையின் நகல் எல்லாப் பிரிவுக்கும் போனது. கொள்ளைக்காரர்களுக்கு மட்டும் போகவில்லை. அவர்களுடைய முகவரி கோப்பில் இல்லை.

அந்த மாதம் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அக்கா, இந்தத் தடவை மேசை, நாற்காலி எல்லாம் எடுத்துட்டாங்க. போர்க்கலம் வந்து சேர்ந்தப்போ நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம். உன் தும்பி எப்ப வரும்னு இங்க பெரியவர் தினமும் கேக்கறாரு." பெரியவர் என்பது அவனோடு இருந்த மூத்த காவலர். முப்பது வருடமாக அந்த விளக்கைப் பார்த்துக்கொள்பவர்.

தராசம்மா அந்தக் கடிதத்தை மடித்து வைக்கவில்லை. அன்று முழுக்க அது மேசைமேல் விரித்தபடியே கிடந்தது. சாயங்காலம் விதிப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இத்தனை வருடப் பணியில் அவர் அதைத் தானாகக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. இணைப்பு பதினான்கில், உயிர்காப்புப் படகுகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வாக்கியம் இருந்தது. கலத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும். படகின் அமைப்பு பொறியாளரின் முடிவுக்கு விடப்படுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது, தராசம்மா கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்துப்போட்டு அதன் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் ஒரு சட்டையை எடுத்து மடித்தபடியே குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இது அந்தப் பழைய படம்தானே?"

"இல்ல அண்ணி. இது உயிர்காப்புப் படகு."

"முன்னாடி துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருக்கு."

"அது அவசர சமிக்ஞைக் கருவி."

"யாருக்குச் சமிக்ஞை?"

"யார் வர்றாங்களோ அவங்களுக்கு."

நாத்தனார் மடித்த சட்டையை அடுக்கில் வைத்தார். கதவு அதே இடத்தில்தானே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு இருக்கைப் படகு. நாற்பத்தாறு பேர். ஆகவே இருபத்துமூன்று படகுகள். இணைப்புகளை யாரும் படிப்பதில்லை, படித்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். பதினான்கு கையெழுத்தும் ஒரே மதியத்தில் விழுந்தன. ஆலோசகர் மட்டும் படகுகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று சொன்னார். இருபத்துமூன்று படகுகளைச் சுமந்தால் தும்பி இன்னும் மெதுவாகப் போகுமே என்று ஓர் இளநிலைப் பொறியாளர் தராசம்மாவிடம் வந்து கவலைப்பட்டார். எத்தனை கிலோ கூடும் என்றும் கேட்டார். தராசம்மா, அதையெல்லாம் ரொம்பப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு துறை முழுக்கப் பரவி, அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நாலு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கலம் கட்டி முடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. தொடக்க விழா நாளில், காலை பத்து மணி வெயிலில், தும்பி துறைமேடையில் நின்றது. வட்டமாக, பளபளப்பாக, பார்க்க நன்றாகவே இருந்தது. முதுகில் வரிசையாக ஆரஞ்சுப் படகுகள். பந்தலில் அமைச்சர், மேளவாத்தியக் குழு, குடும்பத்தோடு வந்த அலுவலர்கள். அமைச்சர் கத்தரிக்கோலை எடுக்கப் போன நேரத்தில், செய்திப்பிரிவிலிருந்து ஓர் எழுத்தர் ஒரு தாளைக் கொண்டுவந்து இயக்குநரிடம் கொடுத்தார்.

பதினேழாம் நிலையத்திலிருந்து வந்த செய்தி. கொள்ளைக்காரர்கள் இந்தத் தடவை காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருக்கும் காற்று ஆறு நாளுக்கு வரும். செய்தி முந்தின நாளே வந்திருந்தது. படிவத்தின் தலைப்பில் சாதாரணம், அவசரம், மிக அவசரம் என்று மூன்று சொல் அச்சிட்டு, பொருந்தாதவற்றை அடிக்கவும் என்று போட்டிருக்கும். தம்பி பதற்றத்தில் எதையும் அடிக்கவில்லை. முதலில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை என்பதால் அது சாதாரணச் செய்திகளின் கட்டுக்குள் ஒரு நாள் இருந்தது. ஆகவே இப்போது ஐந்து நாள்.

இயக்குநர் தாளைத் தராசம்மாவிடம் நீட்டினார். பதினேழாம் நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

தராசம்மா படித்தார். பிறகு, படகு இரண்டரை நாளில் போகும் என்று சொன்னார். எந்தப் படகு என்று இயக்குநர் கேட்டார். இணைப்பு பதினான்கு என்றார் இவர்.

விதிப்பிரிவு அலுவலர் அங்கேயே, பந்தல் காலில் சாய்ந்தபடி, புத்தகத்தைத் திறந்தார். படகு என்பது கலம் ஆகாது, அது தளவாடம். எனவே வேகச் சுற்றறிக்கை அதற்குப் பொருந்தாது என்றார். ஆனால் உயிருக்கு ஆபத்து ஏற்படும்போது மட்டுமே படகை இறக்கலாம் என்றார்.

"யாரோட உயிருக்குன்னு போட்டிருக்கா சார்?" என்று தராசம்மா கேட்டார்.

அவர் அந்த வரியை விரலை வைத்துப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். அவருடைய வாழ்நாளில் ஒரு விதியை அவ்வளவு நேரம் படித்தது அன்றுதான்.

"போடல" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இதற்குள், விழாவில் தும்பியை ஓட்டிக் காட்ட வந்திருந்த நாத்தனார் படகில் ஏறி உட்கார்ந்து கதவையும் சாத்திவிட்டிருந்தார். தராசம்மா இயக்குநரைப் பார்த்து, "போகட்டுமா ஐயா?" என்று கேட்டார்.

இயக்குநர் கத்தரிக்கோலோடு நின்ற அமைச்சரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தராசம்மாவைப் பார்த்தார். முடியாது என்று சொல்வதற்கு அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை.

"நல்ல யோசனைதான்" என்றார்.

ஆரஞ்சுப் படகு தும்பியின் முதுகிலிருந்து கழன்று, ஒரு நொடி நின்று, கண்ணைச் சிமிட்டுவதற்குள் காணாமல் போனது. விழாவின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அமைச்சரும் கைதட்டினார். மேளக்காரர்கள் தாளத்தைக் கூட்டினார்கள்.

அடுத்த ஐந்து நாளும் தராசம்மா காலையில் வந்து மேசையில் உட்கார்ந்தார், சாயங்காலம் எழுந்து போனார். பென்சிலைத் தொடவில்லை. கணவர் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அதை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். இயக்குநர் தினமும் பதினோரு மணிக்குத் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இயக்குநரை யார் என்ன கேலி செய்தாலும் தராசம்மா அதன் பிறகு சேர்ந்து சிரித்ததில்லை.

நாத்தனார் இரண்டு நாள் ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். நிலையத்தின் அருகே கொள்ளைக்காரர்களின் படகு ஒன்று, மிச்சமிருந்த பெரிய விளக்கைக் கழற்ற வந்து நின்றது. அவசர சமிக்ஞைக் கருவியால் ஒரே ஒரு சமிக்ஞை கொடுத்தார். அவர்களுக்கு அது உடனே புரிந்துவிட்டது. உள்ளே தம்பியும் பெரியவரும் மூச்சை மிச்சப்படுத்துவதற்காகத் தரையில் அசையாமல் படுத்திருந்தார்கள். பெரியவர் படுத்தபடியே நாட்குறிப்பில் விளக்கு எரிகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு இருக்கையில் மூன்று பேர் திரும்பினார்கள். வழி முழுக்கத் தம்பி பாதி பெரியவரின் மடியிலும் பாதி காற்றிலுமாக, முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்து வந்தான். இறங்கிய பிறகு ஒரு வாரம் கேள்விக்குறி மாதிரிதான் நடந்தான். தராசம்மா அவனை நிமிர்த்திப் பார்க்க முயன்று, முடியாமல், அப்படியே கட்டிக்கொண்டு அழுதார்.

விசாரணை நடந்தது. தளவாடம் ஒன்று ஐந்து நாளாக வெளியே இருந்தது குறித்து விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கத்தைப் படித்த மேலிடத்துக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. துறையிடம் அளவில் சிறியதும், படையிலுள்ள ஏனைய அனைத்தையும்விட வேகமானதுமான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று இல்லை, இருபத்துமூன்று. அமைச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படகு வகுப்பைப் படையின் முதன்மை வகுப்பாக அறிவித்தார். உடனடியாக மேம்படுத்தி எல்லைக்கு அனுப்ப ஆணை போட்டார். மேம்பாட்டுக் குழுவுக்கு வேறு யாரையும் நம்ப முடியாது என்று, தராசம்மாவையே தலைவராக்கினார். அனுபவப்பட்டவர்களின் கருத்து முக்கியம் என்பதால் நாத்தனாரும் தம்பியும் பெரியவரும் உறுப்பினர்கள். இருபத்துமூன்று படகுகளும் மேம்பாட்டுக்காகக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன.

முதல் கூட்டத்தில் தராசம்மா எழுந்து, இதில் எதையும் சேர்க்கப்போவதில்லை, கூட்டம் இத்துடன் முடிந்தது என்று சொல்லத்தான் போனார். ஆனால் தம்பி கையைத் தூக்கிவிட்டான். மீட்கப் போகிற படகில் மீட்கப்படுகிறவர்களுக்கு இடம் வேண்டாமா, மூன்றாவதாக ஓர் இருக்கை போடலாமே என்றான். தராசம்மா பழக்கதோஷத்தில் எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டார்.

தம்பி அவரை நேராகப் பார்த்தான்.

"நான் எத்தனை கிலோன்னு கேக்கறியா அக்கா?"

மூன்றாவது இருக்கை வந்தது. இரண்டரை நாள் மடியில் ஆளைச் சுமந்த பெரியவர், கால் நீட்டக் கொஞ்சம் இடம் இருந்தால் போதும் என்றார். அவர் கேட்டு யார் மறுப்பது. ஒன்றுமே கேட்காத நாத்தனார், வெந்நீருக்கு ஒரு சின்ன ஏற்பாடு இருந்தால் நன்றாயிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கடைசியில் தராசம்மாவே இன்னொரு காற்றுத் தொட்டி இருக்கட்டும் என்றார். தம்பி தரையில் படுத்திருந்ததைக் கேட்டதிலிருந்து அந்தக் காட்சி அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு தொட்டி போதுமா என்று யோசித்து, இரண்டு என்று திருத்தினார். இத்தனை பேரின் வசதியையும் கவனிக்க ஒருவர் வேண்டாமா என்ற கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நல்ல யோசனைதான் என்று சொல்ல இயக்குநர் அங்கே தேவைப்படவில்லை.

பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு நம் எல்லாருடையதும் அல்லவா. ஒரே மாதத்தில் நாற்பதாயிரம் கடிதங்கள் குவிந்தன. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில், படகுகளின் மேலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. எல்லாம் நியாயமான கடிதங்கள் என்றும் சொல்கிறார்கள். அதில் ஒன்று நான் போட்டது. துறையின் கிறுக்குத்தனத்தைப் பற்றி ஊரெல்லாம் சிரித்தபோது நானும் சிரித்தவன்தான். அதனால் நான் அவர்களைப் போலப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஜன்னல் வையுங்கள் என்றுதான் எழுதினேன். காற்றோட்டமாக இருக்கும், திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

தங்கள் மேலான கருத்து பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது.